ஒன்பதாவது கோரிக்கை

என்னுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அப்பாவோடு கடலுக்குப் போக ஆள் தேவைப்பட்டது, போனேன். ஆனாலும் என் கையெழுத்து நல்லதென்று எங்கள் ஊரான பள்ளிமுனையில் எனக்கு ஒரு பேர் உண்டு. கோவில் அறிவித்தல் பலகையில் செத்தவீட்டு நேரத்தையும் திருநாள் கொடியேற்றத்தையும் எழுதுவது நான்தான். கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, ஒரு கடிதம் போகவேண்டுமென்றால் தாளையும் கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து வந்த பிறகும், நீங்கள் கைப்பட எழுதினால்தான் மரியாதை என்று சொல்லி வந்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சொல் எனக்கு இனித்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்த பிழைக்கு அந்த இனிப்பும் ஒரு காரணம்.

போர் முடிந்து சில வருஷம் கழித்து, ஆட்சி மாறியபோது, நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதப்போகிறார்கள் என்று கதை வந்தது. கொழும்பிலிருந்து ஒரு குழு மாவட்டம் மாவட்டமாக வந்து சனங்களின் கருத்தைக் கேட்கும், யாரும் போய்ச் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம் என்று பூசை முடிவில் எங்கள் பங்குச் சுவாமி அறிவித்தார். எங்களை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. வெளியே வந்தபோது வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊர் சார்பில் ஒரு கடிதம் எழுதுவது என்றும், எழுதுவது நான் என்றும் அங்கேயே முடிவாகிவிட்டது.

தங்கச்சியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைக்குத்தான் போகும். இலுப்பைக்கடவையில் அம்மாவுக்கு வந்த காணி, ஒரு கிணறும் பதினாறு தென்னையும் உள்ள துண்டு, தங்கச்சிக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மாப்பிள்ளை பார்த்தவன் நான். என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன். நன்றாகப் பாடுவான், கோவிலுக்கும் ஒழுங்காக வருவான். அப்பா யோசித்தார். அவனை எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொன்னவன் நான். போர் இறுகியபோது இருவரும் கைக்குழந்தையோடு இந்தியாவுக்குப் போனார்கள். அங்கே அகதி முகாமில் இருந்துகொண்டு அவன் வேலைக்கென்று வெளியூர் போய்வந்தான். பிறகு ஒருநாள் போனவன் வரவில்லை. அவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் என்று முகாமில் எல்லாருக்கும் தெரியும். போர் முடிந்தபின் தங்கச்சி மகளை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்பிவந்தாள். என் வளவிலேயே ஒரு சின்ன வீடு போட்டு இருந்தாள். அவர் அங்கே வேலை செய்கிறார், வருவார் என்று ஊரில் சொல்லிவைத்தோம். சொல்லிவைத்தோம் என்று எழுதுகிறேன். சொன்னது நான், அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மகள் வளர்ந்தாள். அவளுக்குக் கலியாணப் பேச்சு வரமுன்னமே காணியை அவளுடைய பேரில் எழுதிவிடலாம் என்று தங்கச்சி காணிப் பத்திரமான உறுதியை எடுத்துக்கொண்டு, அதை எழுதுகிற நொத்தாரிசிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காணி உங்களுடையதுதான், ஆனால் எங்களுடைய தேசவழமைச் சட்டப்படி புருஷனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெண் தன் காணியை எவருக்கும் எழுதமுடியாது என்றார். மகளுக்குமா என்று தங்கச்சி கேட்டாள். மகளுக்கும்தான் என்றார். ஒரு வழி இருக்கிறது, நீதிமன்றம் போய், புருஷன் விட்டுப் போய்விட்டார் என்று காட்டினால் அவருக்குப் பதிலாக நீதிபதி சம்மதம் தருவார் என்றும் சொன்னார்.

வரும் வழியில் நான் வேண்டாம் என்றேன். கோட்டுக்குப் போனால் ஊர் அறியும், பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிற வயதில் இது தேவையில்லை, பொறுத்திரு, செபம் பண்ணுவோம் என்றேன். செபத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, அன்றும் இருந்தது. ஆனால் அன்று அதை நான் ஒரு மூடியாக எடுத்து வைத்தேன். நான் அடித்துச் சொல்லிக் கட்டிவைத்த மாப்பிள்ளையின் கதை கோட்டில் வாசிக்கப்படுவதை என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்தக் குழு வரும் கதை வந்தது. கன்னியர்மடத்துச் சிஸ்டர் ஒருவர் பெண்களைக் கூட்டி அரசியலமைப்பைப் பற்றி விளங்கப்படுத்தினார். தங்கச்சியும் போனாள். திரும்பி வந்து நேரே என் குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் முகாமால் வந்தபிறகு பார்த்ததில்லை.

"அண்ணா, ஆணும் பெண்ணும் சமன் எண்டு அரசியலமைப்பில ஒரு இடத்தில எழுதியிருக்காம். இன்னொரு இடத்தில, அதுக்கு மாறா இருந்தாலும் பழைய சட்டமெல்லாம் அப்பிடியே செல்லும் எண்டும் எழுதியிருக்காம். ஒரு கையால தந்திட்டு மற்றக் கையால எடுத்திருக்கினம். அந்த ரெண்டாவதை எடுக்கச் சொல்லி ஊர்க் கடிதத்தில எழுதுங்கோ."

ஊர் என்ன சொல்லுமோ என்று நான் இழுத்தேன்.

"எனக்கெண்டு கேட்டால் என்ர கதையைச் சொல்லவேணும். எல்லாப் பொம்பிளையளுக்கும் எண்டு கேட்டால் ஒருத்தற்ற கதையும் தேவையில்லை. அதுதான் கேக்கிறன்."

எழுதுகிறேன் என்றேன். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. எழுதத்தான் இருந்தேன்.

எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர். வீட்டில் ஆம்பிளை இருந்தால் ஆம்பிளை. விதவை என்றால் தன் வீட்டுக்குத் தானே எழும்பிப் பேசலாம். தங்கச்சி விதவையுமில்லை, ஆம்பிளை இருக்கிற வீட்டுக்காரியுமில்லை. என் வளவில் இருந்தபடியால் அவள் என் வீட்டுக் கணக்கில் வந்தாள். அவளுக்குச் சொல்ல ஏதும் இருந்தால் என் வாயால்தான் வரவேண்டும். இதை ஒரு குறையாக அதுவரை நான் நினைத்ததே இல்லை.

கோவில் மண்டபத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். அதிகாரம் மாகாணத்துக்கு வரவேண்டும், வடக்கும் கிழக்கும் ஒன்றாக இருக்கவேண்டும், எங்கள் மொழியில் அரசாங்கக் கந்தோர் அலுவல் நடக்கவேண்டும், கரையும் கடலும் கடற்றொழிலாளிக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். மதத்தைப் பற்றிப் பெரிய இழுபறி வந்தது. அரசாங்கத்துக்கு மதமே இருக்கக்கூடாது என்று எழுதச் சொன்னார்கள் சிலர். அப்படி எழுதினால் பள்ளிக்கூடத்தில் மறைக்கல்வியையும் நிறுத்திவிடுவார்கள், சந்தியில் இருக்கிற மாதா சொரூபத்தையும் எடுக்கச் சொல்வார்கள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். கடைசியில் எல்லா மதத்துக்கும் ஒரே மரியாதை என்று எழுதினோம். எட்டுக் கோரிக்கை முடிந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் பசி. அந்த நேரம் பார்த்து ஒன்பதாவதாகத் தங்கச்சி சொன்னதை வாசித்தேன். பெண் தன் பேரில் உள்ள காணியைத் தானே எழுதலாம் என்று இருக்கவேண்டும், அதற்கு மாறான பழைய சட்டம் செல்லக்கூடாது என்று. "பிறகு மனுசிமார் எங்களையும் சேர்த்து எழுதிக் குடுத்திடுவினம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தபடி எழும்பிவிட்டார்கள். ஒன்பதாவது கடிதத்தில் நின்றது. அன்று பின்னேரம் தங்கச்சிக்கு அதைக் காட்டினேன். அவள் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தாள்.

அடுத்த கிழமை சுவாமி இன்னொரு யோசனை சொன்னார். சிலாவத்துறைப் பக்கத்து முஸ்லிம் ஊர் ஒன்றிலும் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள், அந்த ஊர் மௌலவியோடு தான் பேசினார், இரண்டு ஊரும் ஒரே கடிதமாகக் கொடுத்தால் கொழும்பில் அதற்கு மதிப்பு இருக்கும் என்றார். நல்ல யோசனைதான். அங்கிருந்து நாலு பேர், இங்கிருந்து நாலு பேர் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் கோவில் மூப்பர், வள்ளமும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டிமார் இருவர், எழுத நான். அவர்கள் பக்கத்தில் முக்கியமானவர் வயதான வியாபாரி ஒருவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நாங்களும் நானா என்றே கூப்பிட்டோம்.

வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்துப் போனோம். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் சின்னப்பிள்ளைகளின் கதிரைகளில் எட்டுப் பேரும் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தோம். தொடக்கத்திலேயே கதை முறிந்தது. வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் நாங்கள் எங்கே போவது என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை தொண்ணூறாம் ஆண்டில் தங்களை ஊரைவிட்டு வெளியேற்றியதைப் பற்றியது. அது அரசியலமைப்பில் எழுதப்படவேண்டும் என்றார்கள். எங்கள் சம்மாட்டி ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்களா உங்களைத் துரத்தினோம், துவக்கு வைத்திருந்த இயக்கம் செய்ததற்கு எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

நானா சத்தம் போடவில்லை. "நீங்க துரத்தல்ல. நாங்க போறத்தைப் பாத்துக்கொண்டு நிண்டீங்க" என்றார்.

அது உண்மை. அன்று கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். பிறகு மூப்பர் மெதுவாக, எழுதுவோம் என்றார். எந்தச் சனத்தையும் அதன் இடத்தைவிட்டு வெளியேற்றக்கூடாது, வெளியேற்றப்பட்டவர்களுக்குத் திரும்பி வர உரிமை உண்டு என்று எழுதினேன். அவர்களும் இறங்கிவந்து, வடக்குக் கிழக்கு விஷயம் எல்லாச் சமூகமும் பேசி முடிவெடுக்கவேண்டியது என்று எழுதச் சம்மதித்தார்கள். இப்படி ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுத்து, சிலதைச் சேர்த்து, சிலதை ஒன்றாக்கி, எட்டிலேயே நிறுத்தி வந்தோம். ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர் சமாதானப்படுத்துவார். ஒரு நாடு எழுதப்படுவது இப்படித்தான் போலும் என்று எனக்கு ஒரு பெரிய எண்ணம் வந்தது.

கடைசியாக ஒன்பதாவதை வாசித்தேன்.

மூப்பர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அதை விடுங்கோ. அண்டைக்குப் பசியில போட்டது. தேசவழமை எங்கட முன்னோர் தந்தது. பொம்பிளைப் பிள்ளைக்குக் காணி குடுக்கிற சட்டம் இந்த நாட்டில வேற ஆரிட்ட இருக்கு? அதை வெட்டச் சொல்லி நாங்களே எழுதிக் குடுத்தால், எங்களுக்கெண்டு ஒரு சட்டம் இருந்ததுக்குப் பிறகு என்ன சாட்சி?"

காலையிலிருந்து இறுகியிருந்த நானாவின் முகம் அப்போதுதான் இளகியது. "அது சரியான கதை. எங்கட விவாகச் சட்டத்தையும் மாத்தச் சொல்லிக் கேக்குற பொம்புளைப் புள்ளைகள் இருக்குதுகள். நீங்க உங்கடதைத் தொட வேணாம். நாங்க எங்கடதைத் தொட மாட்டம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவ்வளவு நேரத்தில் எட்டு ஆம்பிளைகளும் முழு மனதோடு ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேனை என் கையில் இருந்தது. மூப்பரே, பெண்ணுக்குக் காணி கொடுக்கிற வழக்கம் நல்லது, ஆனால் அந்தக் காணியை அவள் தன் மகளுக்குக் கொடுக்க ஏலாமல் இருக்கிறதே, அது என்ன வழக்கம் என்று நான் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்டால், யாருக்கு ஏலாமல் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்லவேண்டும். என் மைத்துனன் வேலைக்குப் போனவன் இல்லை, விட்டுப் போனவன் என்று, நான் பார்த்த மாப்பிள்ளை அவன் என்று, இந்த ஏழு பேர் முன்னால் சொல்லவேண்டும். அதைவிட இரண்டு சனத்தின் சமாதானம் பெரிதல்லவா என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது பரிசுத்த ஆவியின் குரல் என்றுகூட அன்று நினைத்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கவேண்டும்.

அடிமட்டத்தை வைத்து ஒன்பதாவது கோரிக்கையின்மேல் நேராக ஒரு கோடு போட்டேன். கோணலாகப் போட்டால் கடிதம் அசிங்கமாக இருக்குமென்று அடிமட்டம் வைத்தேன்.

நானா வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வந்தது. எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். ஆண்டவர் பத்துக் கட்டளை தந்தார், நாங்கள் எட்டோடு நிற்கிறோம் என்று மூப்பர் பகிடி விட்டார். நானா விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வரும்போது வானில் செபமாலையை முன்னின்று சொன்னது நான்தான். மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எழுதத்தான் இப்போது எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது. வெட்டியபோது எனக்கு வலிக்கவில்லை.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் குழு வந்தது. கச்சேரியில் மண்டபம் நிறையச் சனம். தங்கச்சி திருநாள் சேலை கட்டிக்கொண்டு, உறுதி வைத்த பைலையும் மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இருந்தாள். உறுதியை ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் முறை வந்ததும் நான் எழும்பி வாசித்தேன். என் குரலும் நல்லதென்றுதான் சொல்வார்கள், கோவிலில் வாசகம் வாசிக்கிறவன். ஒன்று, இரண்டு என்று போய் எட்டாவதை வாசித்து, இப்படிக்கு என்று இரண்டு ஊரின் பேரையும் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். இரண்டு சமூகம் சேர்ந்து வந்தது நல்ல முன்மாதிரி என்று குழுவில் ஒருவர் பாராட்டினார். பிறகு குழுவில் இருந்த ஒரு அம்மா தாளைப் பார்த்தபடி, இதில் பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லையே, உங்கள் ஊரில் பெண்களிடம் கேட்டீர்களா என்று கேட்டார்.

"ஓம் அம்மா, கேட்டனாங்கள். எங்கட பெண்களுக்குக் காணி இருக்கு. அவைக்கு ஒரு குறையும் இல்லை" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் அப்படியே எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதி முடித்து நிமிர்ந்து, இந்த ஊர்ப் பெண்கள் யாராவது ஏதும் சேர்க்க விரும்புகிறார்களா என்று மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவைப் பார்க்கவில்லை. பைலின்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். மெல்ல, இல்லையென்று தலையசைத்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். நல்ல காற்று, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"ஒன்பதாவது தவறிப்போச்சோ அண்ணா? நல்ல பிரதி எழுதேக்க?"

அவள் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டாள். நான் அதற்குள்ளால் போனேன்.

"ஓம் பிள்ளை. தவறிப்போச்சு."

"பரவாயில்லை. வாசிச்ச விதம் நல்லா இருந்தது."

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். இரண்டு முறை பொய் சொன்னேன் சுவாமி என்று மட்டும் சொன்னேன். யாரிடம், எதைப் பற்றி என்று சொல்லவில்லை. பெரிய மீனைச் சின்ன மீன்களுக்கு அடியில் வைத்துக் கூடையைக் கொடுத்ததுபோல. சுவாமி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழும்பி வரும்போது போனமாதிரியேதான் இருந்தது.

புதிய அரசியலமைப்பு வரவில்லை. கொழும்பில் ஒரு சொல்லுக்கு மேல் ஒரு சொல் வைத்துச் சண்டை பிடித்தார்கள். நாடு ஒன்றா, பிரிந்ததா, எந்த மதத்துக்கு முதலிடம் என்று இழுபட்டு, ஆட்சியும் மாறி, எல்லாம் படுத்துவிட்டது. "எட்டும் போச்சு, ஒன்பதும் போச்சு" என்று மூப்பர் ஒருநாள் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. எழுதியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது, ஆகவே நான் ஒன்றையும் கெடுக்கவில்லை என்று. அந்த ஆறுதலும் கொஞ்ச நாள்தான். கன்னியர்மடத்துச் சிஸ்டரிடம் அந்தக் குழு அச்சடித்த புத்தகம் இருந்தது. என்னைக் கண்டபோது எடுத்துத் தந்தார். பெண்கள் சொன்னவை என்று தனியாக ஒரு பகுதி. வேறு வேறு ஊர்ப் பெண்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், பழைய சட்டங்களைப் பற்றி வந்து சொல்லியிருந்தார்கள். தங்கச்சி என் குசினி வாசலில் நின்று சொன்னதுதான், வேறு வாய்களால். அந்தப் பெண்களுக்கும் அண்ணன்மார் இருந்திருப்பார்கள்.

கடிதம் கொடுத்து நாலு வருஷம் போனது. மருமகளுக்கு, அதுதான் தங்கச்சியின் மகளுக்கு, நல்ல இடத்தில் கலியாணம் பொருந்திவந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். காணியைச் சீதனமாக எழுதுவதாக இருந்தது. இந்த முறை தங்கச்சி என்னிடம் வரவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அவள் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த வழியால் போக, கூப்பிட்டாள். வழக்குப் போட்டுவிட்டேன், சிஸ்டர் ஒரு லோயரைப் பிடித்துத் தந்தார், புருஷனைத் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் சாட்சிக்கு வரவேண்டுமாம், நீங்கள் வருவீர்களா, வராவிட்டாலும் குறைநினைக்க மாட்டேன் என்றாள்.

நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதைச் சொன்னேன். தவறவில்லை, நான்தான் வெட்டினேன் என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும் அண்ணா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வரி தவறின ஆள் நிண்டு தாளில தேடும். நீங்கள் தேடேல்லை."

"பிறகேன் பிள்ளை அங்க எழும்பிச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால், நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டும் அந்த அம்மா எழுதியிருப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் மீனை அலசி, தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

சாட்சிக்குப் போனேன். அவனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். ஒரே வள்ளத்தில் போனோம், மாப்பிள்ளையாகப் பார்த்தது நான் என்றேன். அவன் விட்டுப் போனது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்கள். தங்கச்சி இந்தியாவால் வந்த நாளிலிருந்து என்றேன். இவ்வளவு காலமும் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார்கள். இல்லை, வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். வேறு வழக்குக்கு வந்திருந்த எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் இருந்து கேட்டார்கள். அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் பயந்தமாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கலியாணம் குழம்பவில்லை. இரண்டு நாள் கதைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு நாள் கதைக்காகவா அந்தக் கோட்டைப் போட்டேன் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பிறகு இன்னொருமுறை சுவாமியிடம் போய், இந்த முறை பெரிய மீனை மேலே வைத்துச் சொன்னேன். அவர் தங்கச்சியின் வீட்டுக்காகத் தினமும் செபிக்கச் சொன்னார், அவளுக்குப் பதிலாக இனிப் பேசவேண்டாம் என்றும் சொன்னார்.

நீதிபதி சம்மதம் தந்தார். உறுதி எழுதுகிற நாளில் நான் தோய்த்த சேட்டுப் போட்டு, பேனையையும் வைத்துக்கொண்டு தங்கச்சியோடும் மருமகளோடும் போனேன். சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்து வைக்கவேண்டும். மூத்த அண்ணன் நான் இருக்கிறேன், இன்னொருவரை அங்கே பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். நொத்தாரிசின் கந்தோர் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் அடையாள அட்டையும் கையுமாக நின்றார்கள். தங்கச்சி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்கள் வெளியில இருங்கோ. சாட்சிக்கு இவையளைக் கூட்டிவந்திட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் நிற்கவேண்டாம், அந்த வாங்குப் பலகையில் இருங்கள் என்றும் சொன்னாள். நாலு பெண்களும் உள்ளே போனார்கள். நான் வாங்கில் இருந்தேன். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டுவது வெளியே கேட்டது. வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணறு, பதினாறு தென்னை. தென்னை இப்போது பதினாறு இல்லை, அது பழைய உறுதியில் இருந்தபடி. பிறகு தங்கச்சியின் பேர், மருமகளின் பேர். புருஷனின் பேர் வரவேண்டிய இடத்தில் நீதிமன்றக் கட்டளையைச் சொன்னார். என் பேர் எங்கேயும் வரவில்லை.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். ஐயாவின் அலுவலா உள்ளே நடக்கிறது என்று கேட்டார்.

"இல்லை. தங்கச்சியின்ர அலுவல்" என்றேன். "அவ பாக்கிறா."